உடலின் காவலர்களே மருந்து

தோலில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகக் கொடியவற்றில் ஒன்று மெலனோமா. தோலுக்கு நிறந்தரும் அணுக்களில் அது பிறக்கின்றது. தொடக்கத்திலேயே கண்டு அறுத்தெடுத்தால் பெரும்பாலும் குணமாகும். ஈரல், நுரையீரல், மூளை என்று பரவிவிட்டாலோ, கத்தியால் மட்டும் அதைக் களைய இயலாது. அத்தகைய நோயாளியின் உடலிலுள்ள காவலணுக்களையே மருந்தாக்கி அவருக்கு அளிக்கும் ஒரு சிகிச்சையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோஸன்பர்க் என்ற இளம் ரணசிகிச்சை வைத்தியர், பித்தப்பை நோயுடன் வந்த ஒருவரைப் பரிசோதித்தார். வயிற்றில் புற்று முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று 12 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். இப்போது வயிற்றைத் திறந்து பார்த்தால், புற்றின் சுவடே இல்லை! அதை விரட்டியது அவருடைய உடலேயாக இருக்கலாமோ? இக்கேள்வியே ரோஸன்பர்க்கின் பல்லாண்டு ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகை, உடலில் புகும் பகையை இனங்கண்டு அழிக்க வல்லது. புற்றணுவோ நம் சொந்த அணுவே திரிந்து உண்டானது. அதனை அடையாளங் காண்பது கடினம். ஆயினும் சில காவலணுக்கள் கண்டுகொண்டு கட்டிக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. எனினும் அவை சிலவே, பகையோ பெரிது. ஆதலால் அங்கேயே சோர்ந்து கிடக்கின்றன.

வைத்தியர்கள் கட்டியில் ஒரு துண்டை எடுத்து, அதிலுள்ள காவலணுக்களைப் பிரித்து, இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளை ஊட்டி வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். அவை பல நூறு கோடியாகப் பெருகுகின்றன. நாற்று நடுவதற்கு முன் வயலிலுள்ள களையை நீக்குவதுபோல, நோயாளியின் உடலிலுள்ள பழைய வெள்ளணுக்களை மருந்தினால் குறைத்துவிட்டு, வளர்த்தவற்றை இரத்தத்தில் செலுத்துகிறார்கள். ரோஸன்பர்க் குழுவினர் 1988இல் வெளியிட்ட முதல் அறிக்கையில், 20 நோயாளிகளில் 11 பேருக்குக் கட்டிகள் சுருங்கின.

நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் 168 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. இச்சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. ஒப்பிட்டுப் பார்த்த இபிலிமுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே சுருங்கிற்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரமான சோதனையில், வேறு சிகிச்சைகள் பலிக்காத 73 பேரில் 23 பேருக்குக் கட்டிகள் சுருங்கின.

கணக்கை முழுவதும் சொல்லாமல் விடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது. மீதி 50 பேருக்கு அப்பயன் கிட்டவில்லை. அணுக்கள் வளரும் வாரங்களில் நோயும் வளரக்கூடும். கடுங்காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, தொற்றுநோய் முதலியவற்றைத் தாங்கும் வலிமை நோயாளிக்கு வேண்டும். செலவும் மிக அதிகம். ஆயினும் வழியே இல்லை என்றிருந்த இடத்தில் 23 குடும்பங்களுக்கு ஒரு வழி திறந்ததே, அது சிறிய காரியமா?

ஒன்று நினைவிருக்கட்டும். கருநிறத் தோலினருக்கு இந்நோய் அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றுவது மிகுதி. அங்கே ஒரு கறை பரந்தாலும், நிறம் மாறினாலும், ஆறாத புண்ணானாலும் காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கோடிக்கணக்கான அணுக்களை வளர்த்துப் போராட நேராமல், ஒரு சிறு கத்தியோடு முடிந்துபோவதே எல்லாவற்றினும் நல்ல சிகிச்சை.