ராகுலன் கேட்ட சொத்து



கபிலவஸ்துவில் ஒரு சிறுவன் துறவி ஒருவரின் பின்னாலேயே நடந்து போனான். தனக்குச் சேர வேண்டிய சொத்தைத் தரும்படி கேட்டுக்கொண்டே போனான். அப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பியவள் அவனைப் பெற்ற யசோதரை. அந்தத் துறவிதான் அவன் தகப்பன். உலகம் புத்தர் என்று வணங்குகிறவர். ராகுலனுக்கு அப்போது ஏழு வயது என்கின்றன பழைய உரைகள்.

துவராடையும் திருவோடும் தவிர வேறொன்றும் இல்லாதவர் எதைக் கொடுப்பார்? சீடர் சாரிபுத்திரரை அழைத்து, பையனைத் துறவியர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

தாத்தா சுத்தோதனர் துடித்துப்போனார். மூத்த மகன் போனான், இளைய மகன் நந்தன் போனான், இப்போது பேரனும் போய்விட்டான். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புக்குள்ளும் இறங்கும் என்று புத்தரிடமே முறையிட்டார். தாய் தகப்பன் சம்மதமில்லாமல் இனி எந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாது என்ற விதி அன்றுதான் பிறந்தது. துறவியருக்கான விதிகளின் தொகுப்பான விநய பிடகம் இதை மறைக்காமல் சொல்கிறது. பிள்ளைக்கு வழிகாட்டப் புறப்பட்ட தகப்பன், தன் தகப்பனின் கண்ணீருக்குச் செவிகொடுத்த இடம் இது. புத்தரின் வாழ்க்கையில் இதைவிட நெகிழ வைக்கும் இடம் அதிகமில்லை.

பிறகு ஒருநாள், ராஜகிருகத்துக்குப் பக்கத்தில் அம்பலட்டிகை என்ற இடத்தில் ராகுலன் தங்கியிருந்தான். தகப்பன் வருவதைப் பார்த்ததும் ஆசனம் போட்டான். கால் கழுவத் தண்ணீர் வைத்தான். புத்தர் கால் கழுவிவிட்டு, பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீரை விட்டுவைத்தார். அதைக் காட்டி, தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் மிஞ்சும் நல்லதும் இவ்வளவுதான் என்றார். அந்தத் தண்ணீரையும் கொட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தார். நிமிர்த்தி, அதன் வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்குக்கூடப் பொய் வேண்டாம் என்பதுதான் பாடம். சாஸ்திரம் எதையும் அவர் விரிக்கவில்லை. பையன் தன் கையால் கொண்டுவந்து வைத்த பாத்திரமே போதுமானதாக இருந்தது.

அடுத்து ஒரு கேள்வி: கண்ணாடி எதற்கு? பார்த்துக்கொள்வதற்கு என்றான் பையன். செய்கையையும் சொல்லையும் நினைப்பையும் அப்படியே பார்க்கச் சொன்னார் புத்தர். செய்யும் முன் ஒரு தடவை, செய்யும்போது ஒரு தடவை, செய்து முடித்த பின் ஒரு தடவை. இதனால் எனக்கோ பிறருக்கோ துன்பம் வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கையோ வாயோ தவறிவிட்டால், பெரியவரிடம் போய்த் திறந்து சொல்லிவிட்டு, இனி செய்யாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

தண்டனை என்ற பேச்சே அதில் இல்லை. பெற்றவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைகிறது. "யாருடா உடைச்சது?" என்ற சத்தம் கூடத்திலிருந்து வருகிறது. சில்லுகளைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு "நான் இல்லை" என்கிறது குழந்தை. அந்தப் பொய்யில் பாதி, சத்தம் போட்டவருடையது. திறந்து சொல் என்று பிள்ளையிடம் கேட்கிறவர், திறந்து சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையை முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

ராகுலனுக்குச் சொன்ன அந்தப் பாடம் பின்னாளிலும் மறக்கப்படவில்லை. ராஜஸ்தானில் பைராட் அருகே 1840-இல் கண்டெடுத்த அசோகர் கல்வெட்டு ஒன்று இன்று கொல்கத்தாவில், ஆசியச் சங்கத்தில் இருக்கிறது. துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என்று 7 உரைகளின் பெயர்களை மன்னர் அதில் வெட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்று, பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை. கால் கழுவிய தண்ணீரை வைத்து ஒரு சின்னப் பையனுக்குச் சொன்ன பாடம், பேரரசர் ஒருவரின் கல்லில் ஏறிவிட்டது!

ராகுலன் வாலிபனான பின் நடந்தது இன்னொன்று. ஒரு காலை, பிச்சைக்குப் போகும் வழியில் தகப்பனின் பின்னால் நடந்துகொண்டிருந்தான். தன் அழகு அவன் மனதில் ஓடியதாம். புத்தர் திரும்பிப் பார்த்து, உடம்பை "நான்" என்றும் "என்னுடையது" என்றும் எண்ண வேண்டாம் என்றார். நேருக்கு நேர் இப்படி அறிவுரை கேட்ட பிறகு ஊருக்குள் போக ராகுலனுக்கு மனம் வரவில்லை. பாதி வழியில் திரும்பி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கம் வந்த சாரிபுத்திரர், மூச்சைக் கவனித்துப் பழகு என்றார். பொழுது சாய்ந்ததும் ராகுலன் எழுந்தான். அதை எப்படிப் பழகுவது என்று கேட்க, நேரே தகப்பனிடம் போனான்.