நரம்பு வலி மாத்திரை: வலிக்கு மருந்து, வழிமாறினால் போதை

(தேவனாம்பட்டினத்தில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேவனாம்பட்டினம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சில்வர் பீச்தான் ஞாபகம் வரும். இங்கேயே இருக்கிற உங்களுக்கு, வலை இழுத்து இழுத்து வந்த தோள்வலியும் இடுப்புவலியும் சேர்ந்தே ஞாபகம் வரும். பெரியவங்க பலருக்குச் சர்க்கரை இருக்கு. கால் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அதனால நரம்பு வலி மாத்திரை பல வீடுகளில் இருக்கிறது. இன்றைக்கு அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரைகள் கெட்டவை அல்ல. சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சல், அக்கி வந்து போன பிறகு நிற்கிற வலி போன்றவற்றுக்கு பிரிகாபலின், கபாபென்டின் மருந்துகளை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். வலி கடுமையாக இருந்தால் டேபெண்டடால் தருவதும் உண்டு. சொன்ன அளவில் சாப்பிட்டால் ராத்திரி தூக்கம் வரும், மறுநாள் வேலைக்குப் போக முடியும்.

சிக்கல் இரண்டு பக்கமிருந்து வருகிறது.

ஒன்று, நாமே கூட்டிக்கொள்வது. "ஒண்ணு போட்டும் வலி நிக்கல, இன்னொண்ணு போடு"ன்னு போடறோம். பிரிகாபலின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது உடம்பிலேயே தங்கும். தலைசுற்றும், கால் வீங்கும், தடுமாறி விழுவார்கள். இதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் இந்த இரண்டு மருந்துகளையும் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பஞ்சாபில் பல மாவட்ட நிர்வாகங்கள் 75 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரிகாபலின் விற்பனைக்குத் தடை போட்டன.

இன்னொன்று, போதைக்காகப் பயன்படுத்துவது. டேபெண்டடால் அபின் வகையைப் போல மூளையில் வேலை செய்கிறது. இதற்கு முன்னால் இப்படித் தவறாகப் பயன்பட்ட டிரமடாலை மத்திய அரசு 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சென்னை உட்பட தமிழ்நாட்டின் பல ஊர்களில் டேபெண்டடால் மாத்திரைகளைக் காவல்துறை தொடர்ந்து பறிமுதல் செய்துவருகிறது. 2025 பிப்ரவரியில் டேபெண்டடாலும் கரிசோபுரொடாலும் கலந்த மாத்திரையின் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் மத்திய அரசு தடை செய்தது.

சில பிள்ளைகள் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை என்பது மருந்து மட்டுமல்ல. அதைக் கெட்டியாக்கச் சேர்த்த மாவுப்பொருளும் அதில் உண்டு. வயிற்றுக்குப் போனால் அது ஒன்றும் செய்யாது. இரத்தத்தில் போனால் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைக்கும். குத்திய இடம் சீழ் பிடிக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி வரும். "கஞ்சாவா சாப்பிடுறோம், கடையில விக்கிற மாத்திரைதானே"ங்கிற நினைப்புதான் பெரிய ஆபத்து.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை.

அட்டையைப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. டிரமடால் போன்ற எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர் விவரம் கேட்டால் கோபப்படாதீங்க, அது சட்டம்.

மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. அந்தப் படத்தை வைத்து வேறு யாரோ மாத்திரை வாங்க முயலலாம். உங்க மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கிறதும் வேண்டாம். அவங்க வலி வேற, உடம்பு வேற.

மாத்திரையை எண்ணி, பூட்டி வையுங்கள். மிச்சமானதைத் தெருவில் வீசாதீர்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், டேபெண்டடால், டிரமடால் உட்பட 17 மருந்துகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் ஒருவர் பழக்கத்தில் சிக்கிவிட்டால்? அடிக்காதீங்க, அறையில் பூட்டாதீங்க. மாத்திரையைத் திடீரென்று பிடுங்கினால் தூக்கம் போகும், வியர்க்கும், வாந்தி வரும்; பிரிகாபலினில் சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப்போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள். "வெளியே தெரிஞ்சா பொண்ணு கொடுக்க மாட்டாங்களே"ன்னு பயப்படுறீங்க. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை.

இந்த எண்களை இப்பவே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்:

14446 – போதை மீட்பு ஆலோசனை
14416 – மனநல ஆலோசனை, டெலிமானஸ்
104 – மருத்துவ ஆலோசனை
10581 – தமிழ்நாட்டில் போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார்
1933 – தேசிய அளவிலான புகாரும் உதவியும்
108 – அவசர ஊர்தி

எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அவர் எந்த மாத்திரை சாப்பிட்டார் என்று தெரிந்தால் அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். மருத்துவரின் நேரம் மிச்சமாகும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் கேட்டுவிட்டு, உண்மையில் வலியால் தவிக்கிற அப்பாவோட மாத்திரையை நிறுத்திடாதீங்க. மருத்துவர் சொன்ன அளவில் அவர் தொடரட்டும். வலி அடங்கவில்லை என்றால் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர்தான். நோயாளிக்கு மருந்து கிடைக்கணும், பிள்ளைகள் கைக்கு அது போகக் கூடாது. இரண்டையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்.