குறட்டை நின்ற பிறகு

 

"மயக்க டாக்டரைப் பேசச் சொன்னா சபையே தூங்கிடுமே" என்று செயலாளர் கிண்டல் செய்தார். தாராளமாகத் தூங்கலாம். தூங்குகிறவரை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் பேச்சே.

1980களில் நான் பயிற்சி டாக்டர். வயிற்றுவலி என்று வந்த நெசவாளி ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி. அரைமயக்க ஊசி போட்டுக் குழாயை விட்டார்கள். பத்தே நிமிஷம், சோதனை முடிந்தது. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டோம். மனுஷர் பலமாகக் குறட்டை விட்டார். "நல்லாத் தூங்கறாரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. நான் கவனிக்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாதான், "தம்பி, இவரு உதடு கறுத்துப்போச்சே!" என்று கத்தினார். ஓடிப்போய்த் தாடையைத் தூக்கி, முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சு கொடுத்தோம். பிழைத்தார். மறுநாள், "ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன் தம்பி" என்று என்னிடமே சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை.

குழாய் தொண்டையில் இருக்கும்வரை அந்த உறுத்தலே நோயாளியைச் சற்று விழிப்பாக வைக்கும். எடுத்ததும் உறுத்தல் போய்விடும், மருந்து உடம்பில் இருக்கும். நாக்கு பின்னால் சரியும். அந்தக் குறட்டை நல்ல தூக்கமல்ல, பாதி அடைத்த மூச்சுவழி. 'முடிஞ்சுது' என்று நாம் திரும்பிக்கொள்கிற நேரத்தில்தான் ஆபத்து வருகிறது.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். சின்ன வயசில் நானும் அப்பாவுக்கு எதிர்க் கரையில் நாடா போட்டவன்தான். இரண்டு கரையையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. குழாய் விடுகிற டாக்டரும் அப்படித்தான், அவர் கண் திரையில் இருக்கும். மூச்சைப் பார்க்க வேறொருவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

கருவி இருக்கிறதே என்பீர்கள். 1974இல் ஜப்பானியர் டாகுவோ அவோயாகி கண்ட வழியில் பிறந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், 2020 கொரோனாவில் பல வீடுகளுக்கும் வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்று சில நிமிஷம்கூட 98 என்றே காட்டும். விரலில் நகப்பூச்சோ சாயக்கறையோ இருந்தாலும் அளவு தப்பலாம், நம்ம ஊரில் சாயத்துக்கா பஞ்சம்! வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப், மூச்சு நின்றால் சட்டென்று காட்டிக்கொடுக்கும். அது இல்லாத இடத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

மாற்று மருந்துகளும் உண்டு: மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனில் வகைக்கு நலாக்சோன். போட்டதும் கண் விழிப்பார். ஆனால் மாற்று மருந்தின் வேகம் முதலில் தீர்ந்துபோய், மறுபடி மயக்கம் சூழலாம். அதனால் அவரைக் கூடுதல் நேரம் வைத்துப் பார்ப்போம். "எழுந்துட்டாரே, கூட்டிட்டுப் போறோம்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்த முறை அப்பா, அம்மாவை இப்படி ஒரு சோதனைக்குக் கூட்டிப்போனால், "முடிஞ்சதும் இவங்க பக்கத்துல யார் இருப்பாங்க?" என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குத் துணையோடு அனுப்புங்கள். அன்று ஸ்கூட்டர் வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம், தறியும் மறுநாள் வரை காத்திருக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.