துறைமுகத்தில் விறகு மின் நிலையம்: நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(திருமுருகன்பூண்டியில் சாயப்பட்டறை, பனியன் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எங்கோ ஒரு துறைமுகத்தில் விறகை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் பூண்டியில் ஏன் பேச வேண்டும் என்று பாய்லர் ஓட்டும் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் தைக்கும் பனியன் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகிறது. நமது பட்டறைப் பாய்லர் தின்பதும் விறகுதான்; அப்படிப்பட்ட மின் நிலையம் தின்பதும் விறகுதான்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரின் லீத் துறைமுகத்தில் போர்த் எனர்ஜி என்ற கம்பெனி ஒரு மர மின் நிலையத்துக்குத் திட்டமிட்டது. ஏன் துறைமுகம்? வெளிநாட்டு மரம் கப்பலில் வந்து இறங்கும். இறங்கிய இடத்திலேயே எரிக்கலாம். குடியிருக்கும் மக்கள் புகைக்கு அஞ்சி எதிர்த்தார்கள். 2012-ல் கம்பெனி அத்திட்டத்தை வாபஸ் பெற்றது.

ஆனால் இங்கிலாந்தின் டிராக்ஸ் நிலையம் அமெரிக்க மரத்தைக் கப்பல் கப்பலாக இறக்கி எரித்தது; மானியமும் பெற்றது. சர்வதேசக் கணக்கு விதிப்படி மரத்தின் கரி, வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் ஏறும்; எரித்த நிலையத்தின் கணக்கில் சைபர்! புகை ஓரிடம், கணக்கு வேறிடம்.

இங்கும் காற்று அப்பக்கம் வீசுகிறது. அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதம் தாவரக் கழிவு உருண்டைகளைக் கலக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் 1000 மெகாவாட் அனல் நிலையம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ விறகு. 10 மெகாவாட் நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 டன்; அதாவது பத்து டன் லாரி முப்பது. பெரிய கை சந்தையில் இறங்கினால் விறகு விலை ஏறும். சிறு பட்டறைக்காரர் அந்த ஏற்றத்தை யார் தலையில் கட்டுவார்? நம் கூலியில்தான்.

நாம் எதிர்ப்பதற்காக எதிர்ப்பவர்களல்ல. கரும்புச் சக்கையை எரித்து ஆலை மின்சாரம் எடுப்பது நல்லதே. ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலமும் பயன்படட்டும். ஆனால் அதில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை மறக்கக் கூடாது.

2011 ஜனவரியை நினையுங்கள். நொய்யலில் சாயநீர் விட்டபோது, "வேலை போய்விடும், பேசாதே" என்றார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும் நடுத்தெருவில் நின்றவர்கள் நாம். லாபம் எடுத்தவர் வேறு. தண்டனை பெற்றவர் வேறு.

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் முதலிலேயே கேட்போம்: விறகு எங்கிருந்து வரும்? வெட்டுகிறவருக்கு என்ன கூலி? புகையை அளப்பது யார்? மானியம் யார் பைக்குப் போகும்? இந்த நான்குக்கும் பதிலைப் பட்டறை வாசலில், எல்லோர் முன்னிலும் சொல்லட்டும். அதன் பிறகு ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்பதை நாம் கூடி முடிவு செய்வோம்.