நரம்பு வலிக்கு மருந்து உண்போர் அறிய வேண்டுவன



இரவு வந்தால் பாதம் எரிகிறது, ஊசி குத்துவது போல் இருக்கிறது, போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லை என்று சொல்வோர் தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களிலும் உளர். மூப்பினால் வரும் வாதம் என எண்ணித் தைலம் தடவிக் காலம் கழிப்போர் பலர். நரம்பே பழுதுற்றமையால் எழும் வலியாக இது இருக்கக்கூடும். நீரிழிவு, குடிப்பழக்கம், தொழுநோய், அக்கி, வைட்டமின் குறைவு, சில மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். எனவே காரணத்தைக் கண்டறிவதே முதற் கடமையாகும்.

மருந்தும் நரம்பைத் தாக்குமோ என வியக்க வேண்டா. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவி, 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தாம்பரம் சானடோரியத்தை நாம் யாவரும் அறிவோம். காசநோயாளரின் உயிரைக் காக்கும் ஐசோனியசிட் என்னும் மருந்து, சிலருக்குக் கை கால் எரிச்சலையும் தருவதுண்டு. பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினைச் சிறிதளவு நாள்தோறும் சேர்த்துக் கொடுத்தால் இத்தொல்லையைத் தடுக்கலாம் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் ஆய்ந்து காட்டினர்.

பின்னர், 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் எச்.ஐ.வி. நோயாளருக்கு இலவசக் கூட்டு மருந்து வழங்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட ஸ்டாவுடின் என்னும் மருந்து பலருக்கு நரம்பு வலியைத் தந்தது. அதனைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கூறியது. வேறு மருந்துகள் அதனிடத்தைப் பெற்றன.

இவை உணர்த்தும் பாடம் ஒன்றே. தொல்லை தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. சொன்னால் வைட்டமின் சேர்ப்பர், அளவைக் குறைப்பர், அல்லது மருந்தை மாற்றுவர். சொல்லாது காசநோய் மருந்தை இடையில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகி வீட்டாரையும் பற்றக்கூடும்.

இனி, வலிக்குக் கொடுக்கும் மருந்தைப் பார்ப்போம். கடைகளில் வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாகப் பயன்படா. டைக்ளோபினாக் போன்றவற்றை நெடுநாள் உண்டால் சிறுநீரகமும் கெடும். மருத்துவர்கள் அமிட்ரிப்டிலின், காபபென்டின், பிரிகாபாலின் போன்றவற்றைச் சிறு அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவர். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். இரண்டே நாளில் கைவிடுதல் தவறு.

இம்மருந்துகளால் தூக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். ஆகவே மருந்து உடலுக்குப் பழகும் வரை டிராக்டர் ஓட்டுவதையும், கிணற்றோரம் நின்று பம்புசெட்டு இயக்குவதையும் தவிர்க்க. இரவில் எழும்போது சிறிது உட்கார்ந்து, பின் நிற்க. அமிட்ரிப்டிலினால் வாய் உலர்தலும் மலச்சிக்கலும் உண்டாகலாம். அடிக்கடி சிறிது நீர் பருகுதலும், கீரை, காய்கறி மிகுதியாக உண்பதும் நலம். பிரிகாபாலினால் கால் வீங்கினாலும், எம்மருந்தாலேனும் சிறுநீர் அடைபட்டாலும் உடனே மருத்துவமனை செல்க. இதயம், சிறுநீரகம், கண் அழுத்தம் ஆகிய நோயுடையார் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். மருந்துடன் மது கூடவே கூடாது. திடீரென நிறுத்துவதும் தீங்கு. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீரிழிவுடையார் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் வலி மருந்தை மட்டும் உண்பது, மடை உடைந்திருக்க நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். உணர்ச்சி குன்றிய காலை வெந்நீரில் வைக்கலாகாது. வயலுக்கு வெறுங்காலுடன் செல்லலாகாது. இரவுதோறும் பாதத்தைப் பார்த்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கதும் உண்டு. காசநோய் மருந்தோ நீரிழிவு மருந்தோ உண்போர், எரிச்சலையும் மரத்துப்போதலையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தயங்காமல் கூறுமாறு கிராம சபையில் எடுத்துரைக்கலாம். உண்ணும் மருந்துகளின் சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் இட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லச் சொல்லலாம். துணையற்ற முதியோரை அழைத்துச் செல்ல ஓர் இளைஞரை ஏற்பாடு செய்யலாம். பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க இப்பணியால் பலருடைய காலும், சிலருடைய உயிரும் காக்கப்படும். உறுப்பினர்கள் முன்வருவார்களாக!