ஒருநாள் பயிற்சி போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முடிச்சூரில் நம் தெருக்களில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் என்று எது வந்தாலும் முதலில் தெருமுனை கிளினிக். கொஞ்சம் முடியாமல் போனால் வீட்டோடு ஒரு உதவியாளர். இந்த கிளினிக் செவிலியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் சங்கச் செலவில் ஒருநாள் பயிற்சி முகாம் நடத்தலாம் என்று செயற்குழு சொல்கிறது. தாம்பரத்தில் மண்டபம், மதியச் சாப்பாடு, கையேடு, சான்றிதழ். நல்ல எண்ணம்தான். ஆனால் செவிலியர்களுக்குப் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் யோசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண். இன்சுலின் பாடத்தில் முழு மதிப்பெண். நம் ஊரில் 40 யூனிட் இன்சுலினும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். வகுப்பில் அதை அழகாக ஒப்பித்தவள், ஆறு மாதம் கழித்து வேலை பார்த்த இடத்தில் 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்தாள். இரண்டு நாள் சர்க்கரை இறங்கவே இல்லை. நல்லவேளை, மாற்றி எடுத்தது அந்தப் பக்கமாகப் போனது. அவளைத் திட்டி என்ன பயன்? கற்றுக்கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நான்தானே நினைத்தேன்!

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடந்த 337 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி, 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நூறு நோயாளிகளில் 40 பேருக்குச் சரியாகச் செய்தவர் 50 பேருக்குச் செய்தால் பத்துப் புள்ளி முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையேடு மட்டும் கொடுத்தால் கிடைத்தது 1.4 புள்ளி. பயிற்சி மட்டும் அல்லது மேற்பார்வை மட்டும் என்றால் 10 முதல் 16. இரண்டும் சேர்ந்தால் சுமார் 18. செவிலியர் படிப்பு இல்லாத சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தால் 2.4 புள்ளிதான். நம் வீட்டு உதவியாளர்கள் இவர்களுக்குத்தான் அருகில் வருகிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவ ஆய்வையும் சொல்ல வேண்டும். பாதி இடங்களில் செவிலியர்களின் பக்கத்திலேயே நின்று எட்டு மாதம் பழக்கினார்கள். இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் செய்தார்கள். மற்ற இடங்களில் 42. பழக்குவதை நிறுத்திய நான்கு மாதத்தில் 73 என்பது 62 ஆனது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தாய், சேய் இறப்பிலும் தாய்க்கு வரும் கடுமையான சிக்கலிலும் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பழக்கம் மாறினாலே உயிர் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

மேற்கு வங்கம் பீர்பூமில் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்து, பிறகு நோயாளி போல நடிப்பவர்களை அனுப்பிச் சோதித்தார்கள். சரியான சிகிச்சை கூடியது. தேவையில்லாத மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் குறையவில்லை. மாத்திரை விற்பதில்தானே அவர்களுக்கு வருமானம்! அதை எந்த வகுப்பு மாற்றும்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். மண்டபம் வேண்டாம், நம் சங்க அறையே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேலை: இன்சுலின் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது. ஒவ்வொருவரும் கையால் செய்து காட்ட வேண்டும். இடையில் ஒருமுறை யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் ஏற்கிறேன். இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற செவிலியர்கள் கிடைத்தால் நல்லது. உங்கள் வீட்டில் உதவியாளர் இருந்தால் அவர் வர ஒரு மணி நேரம் விடுப்புக் கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காமல். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.