வியர்வையும் மண்பானையும்
(சங்க ஆண்டு விழாவில் விளையாட்டு மாணவர்களுக்கென ஆற்றிய உரை)



உடற்பயிற்சி பயிலும் மாணவர் அறிய வேண்டிய அறிவியல் அடிப்படைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா நான். ஆயினும் ஒரு பாடத்தைப் பட்டறிந்து கற்றேன். அதனை மட்டும் கூறுகின்றேன்.

2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் என் மகன் ஓட்டப் பயிற்சிக்குப் புறப்பட்டான். "ஓடும்போது தண்ணீர் குடிக்காதே, வயிற்றைப் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பியவன் நானே. காலை ஒன்பது மணி வெயிலில் அவன் தள்ளாடி விழுந்தான், பேச்சும் குழறியது. உடன் ஓடிய பிள்ளைகள் அவனை நிழலுக்குத் தூக்கிச் சென்று, தலைமுதல் கால்வரை குழாய்நீரை ஊற்றினார்கள். அதனால்தான் பிழைத்தான் என்றார் மருத்துவர். அன்று முதல் காரணத்தைத் தேடிப் படிக்கலானேன்.

உணவிலிருந்து பெறும் ஆற்றலைக் கொண்டே தசைகள் இயங்குகின்றன. ஆனால் அவ்வாற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே ஓட்டமாக மாறுகிறது; எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. உடலின் இயல்பான வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 40 டிகிரியைத் தாண்டி, அறிவும் தடுமாறுமாயின் உயிருக்கே ஆபத்து.

அவ்வெப்பம் வெளியேறுவது எங்ஙனம்? நம் வீட்டு மண்பானையைப் பாருங்கள். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் உடலும் அத்தகைய பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையால் பயனில்லை. மழைக்காலத்தில் நம் ஜன்னல் கூலர்கள் குளிர்ச்சி தர மறுப்பதும் இதனாலன்றோ? காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் எளிதில் ஆவியாவதில்லை.

நாகபுரியின் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. அப்போது காற்று நம் தோலைவிடச் சூடானது. வெப்பத்தை வாங்கிக்கொள்ளாமல் நமக்கே கொடுக்கும். வியர்வை ஒன்றே துணை. வறண்ட காற்றில் அது உடனே உலர்ந்துவிடுவதால், "எனக்கு வியர்க்கவேயில்லை" என்று பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். பானையில் நீர் குறைவதை எவரும் காண்பதில்லை.

பெருவீரரும் இவ்விதிக்கு விலக்கல்லர். 1954 இல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த மாரத்தானில், இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் மற்றவர்களை வெகுதூரம் பின்னே விட்டு அரங்கினுள் முதலில் நுழைந்தார். கடும் வெப்பத்தால் உடல் தளர்ந்து பன்முறை விழுந்தார், எல்லைக்கோட்டை அடையவேயில்லை. அவரிடம் ஊக்கத்திற்கா குறைவு?

மாணவர்களே, வெயில் ஏறுமுன் பயிலுங்கள். கோடையின் முதல் இரண்டு வாரங்களில் பயிற்சியைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். அதற்குள் உடல் வெப்பத்திற்குப் பழகும். இடையிடையே சிறிது சிறிதாக நீர் பருகுங்கள். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நெடுநேரப் பயிற்சியில் உப்பிட்ட நீர்மோர் நன்று. வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் கேடே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துவிடும். தோழன் ஒருவன் தள்ளாடிப் பேச்சுக் குழறினால், நிழலில் கிடத்தி உடல் முழுதும் நீரூற்றி விசிறுங்கள். அதே வேளையில் மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள். நினைவிழந்தவன் வாயில் நீர் புகட்டலாகாது.

பெற்றோர்களே, நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கோடை முதல் காலனித் திடலின் ஓரத்தில் இரண்டு மண்பானைகள் வைப்போம். நாள்தோறும் நீர் நிரப்பும் பணியை நானும் என் மகனும் ஏற்கின்றோம்.